வானுக்குப் போகும் பெட்டிக்கு வயலில் என்ன வேலை?

தஞ்சாவூர் கரந்தையைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் செய்த குட்டிச் செயற்கைக்கோள்கள், அமெரிக்காவின் நாசா ராக்கெட்டிலும் பலூனிலும் பறக்கத் தேர்வாகியிருக்கின்றன என்று 2020ஆம் ஆண்டின் கடைசியில் செய்தி வந்தது. ஒன்றின் எடை 33 கிராம்தான். சின்ன எலுமிச்சம்பழம் ஒன்றின் எடை! உங்கள் அண்ணன், அக்காவுக்கு இது நினைவிருக்கலாம்.

இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் பள்ளிகளில் ஒரு பேச்சு கிளம்பும். "சார், நாமும் ஒரு சங்கம் ஆரம்பித்து செயற்கைக்கோள் செய்யலாமா?" நல்ல கேள்விதான். கண்டிப்பாகச் செய்யலாம். ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பெட்டி மேலே போய் என்ன செய்யப் போகிறது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பத்திரிகைகள் எல்லாவற்றையும் 'செயற்கைக்கோள்' என்றே எழுதிவிடுகின்றன. கரூர் மாவட்டம் பள்ளப்பட்டி மாணவரின் யோசனையில் பிறந்த 64 கிராம் 'கலாம்சாட்' 2017 ஜூனில் நாசா ராக்கெட் ஒன்றில் பறந்தது. ஆனால் அது பூமியைச் சுற்றவில்லை. மேலே எறிந்த பந்து போல உயரே போய்த் திரும்பி வந்துவிட்டது. கரந்தை மாணவரின் பெட்டிகளும் இந்த வகைப் பயணத்துக்குத்தான் தேர்வாயின. இது சாதனை இல்லை என்று சொல்லவில்லை. ஒரு கருவியை எலுமிச்சம்பழ எடைக்குள் அடக்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. என்றாலும் செயற்கைக்கோள் என்றால் அது கீழே விழாமல் பூமியைச் சுற்ற வேண்டும். அதற்கு நொடிக்கு ஏறத்தாழ ஏழரை கிலோமீட்டர் வேகம் தேவை. அந்த வேகத்தில் தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது!

அப்படி உண்மையாகவே சுற்றிய மாணவர் செயற்கைக்கோள்களும் நம் தமிழ்நாட்டில் உண்டு. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் 'அனுசாட்' 2009 ஏப்ரல் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. எடை 40 கிலோ. 2011இல் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகம், 2016இல் சத்யபாமா, 2017இல் கன்னியாகுமரி மாவட்டத்து நூருல் இஸ்லாம் என்று வரிசையாகப் போயின. எல்லாமே கல்லூரிகள். பள்ளிப் பிள்ளைகள் கைவைத்த ஒன்றின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

56 மீட்டர் குறைந்ததால்...

நாடு விடுதலை பெற்ற 75ஆவது ஆண்டை ஒட்டி, 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் சேர்ந்து ஒரு செயற்கைக்கோள் செய்தார்கள். பெயர் 'ஆசாதிசாட்'. ஒரு பள்ளிக்கு 10 பேர். ஒவ்வொரு பள்ளிக்கும் சுமார் 50 கிராம் எடையுள்ள ஒரு சின்னஞ்சிறு கருவிதான் பங்கு. மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப்பள்ளி மாணவிகளும் அதில் இருந்தார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்தது சென்னையில் உள்ள ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பு. மொத்த எடை 8 கிலோ.

2022 ஆகஸ்ட் 7, ஞாயிற்றுக்கிழமை காலை. இஸ்ரோ புதிதாகச் செய்த எஸ்.எஸ்.எல்.வி. என்ற சிறிய ராக்கெட்டின் முதல் பயணம். மாணவிகள் பலர் ஸ்ரீஹரிகோட்டாவுக்கே போய் நேரில் பார்த்தார்கள். ராக்கெட் அழகாகக் கிளம்பியது. ஆனால் இரண்டாவது அடுக்கு பிரியும்போது ஒரு கணம் பலத்த அதிர்வு. அதிர்வைக் கண்ட ராக்கெட்டின் கணினி, 'என் உணர்கருவிகள் கெட்டுப்போய்விட்டன' என்று தவறாக முடிவு செய்துவிட்டது. உண்மையில் அவை கெடவில்லை! மாற்று வழியில் பறந்த ராக்கெட்டுக்குக் கடைசியில் வேகம் நொடிக்கு 56 மீட்டர் குறைந்துபோனது. ஏழரை கிலோமீட்டரில் வெறும் 56 மீட்டர். அதனால் வட்டமாக இருக்க வேண்டிய பாதை ஒரு பக்கம் 76 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கிவிட்டது. அங்கே காற்று இருக்கிறது. காற்றில் உரசினால் வேகம் போகும், விழ வேண்டியதுதான். 750 பேரின் உழைப்பு சில நிமிடங்களில் முடிந்தது.

இதில் மாணவிகளின் தவறு ஒன்றுமே இல்லை. நன்றாகப் படித்துவிட்டுப் போன அன்று பஸ் வராமல் போனது மாதிரி. விண்வெளி வேலையில் இது சகஜம். இஸ்ரோவின் நம்பகமான பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டே 2025 மே 18 அன்று தோற்றது. ஆனால் ஆசாதிசாட் குழு உட்கார்ந்துவிடவில்லை. ஆறே மாதத்தில் இரண்டாவது ஆசாதிசாட் தயாரானது. 2023 பிப்ரவரி 10 அன்று அதே வகை ராக்கெட் அதைச் சரியாக 450 கிலோமீட்டர் உயரத்தில் கொண்டுபோய் விட்டது.

சங்கம் தொடங்குகிறவர்கள் இதிலிருந்து ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்கள் கருவியைத் தூக்கிப் போகும் ராக்கெட் உங்கள் கையில் இல்லை. அது தோற்றால் உங்களிடம் மிஞ்சுவது என்ன? 'மேலே போனது' என்பது மட்டுமே குறிக்கோள் என்றால் எதுவும் மிஞ்சாது. ஒரு கேள்விக்கு விடை தேடிய வேலை என்றால் பாதிக்கு மேல் மிஞ்சும்.

பெரிய கோயில் இரண்டு புள்ளி!

"நாங்கள் கேமரா வைத்து எங்கள் ஊர் வயலைப் படம் எடுப்போம்" என்று சிலர் சொல்வீர்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சிறு செயற்கைக்கோள்களுக்கு உலகம் முழுவதும் ஓர் அளவு உண்டு. பக்கத்துக்கு 10 செ.மீ. உள்ள கனசதுரப் பெட்டி. 1999இல் அமெரிக்கப் பேராசிரியர்கள் இருவர் மாணவர்களுக்காக வகுத்த அளவு இது. கியூப்சாட் என்று பெயர். பெட்டியின் மேல் ஒட்டும் சூரியத் தகடுகள் தரும் மின்சாரம் ஒன்றிரண்டு வாட்தான். உங்கள் வீட்டு எல்.இ.டி. பல்புக்கே 9 வாட் வேண்டும்! இதில் கணினி, ரேடியோ, கருவி எல்லாம் ஓட வேண்டும்.

இனி கேமரா. செல்போன் கேமராவின் லென்ஸ் எத்தனை சின்னது என்று பாருங்கள். அதை 500 கிலோமீட்டர் உயரத்தில் வைத்துப் படம் பிடித்தால், நூறு மீட்டருக்குக் குறைவான எதுவும் பிரிந்து தெரியாது. ஒளியின் இயல்பே அப்படி. எத்தனை மெகாபிக்சல் என்று விளம்பரம் செய்தாலும் இதை மாற்ற முடியாது. தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று முழுவதும் அந்தப் படத்தில் இரண்டு, மூன்று புள்ளிகள்தான். உங்கள் தாத்தாவின் ஒரு மா நிலம்? 33 சென்ட் நிலம் பக்கத்து வயல்களோடு கலந்து காணாமலே போய்விடும்.

ஐரோப்பாவின் சென்டினல்-2 போன்ற பெரிய செயற்கைக்கோள்களின் படத்தில் ஒரு கட்டம் தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். அதில் ஒரு மா நிலம் சுமார் 13 கட்டங்கள். பயிர் பச்சையா, காய்ந்ததா என்று சொல்ல இது போதும். ஆனால் அதற்கும் ஒரு எதிரி உண்டு. யார் தெரியுமா? மேகம்!

மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். குறுவை முடிந்து சம்பா, தாளடி வளரும் ஐப்பசி, கார்த்திகையில்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழை. வெள்ளத்தில் பயிர் மூழ்குவதும் அப்போதுதான். 2025 நவம்பர் கடைசியில் 'டித்வா' புயல் மழையில் டெல்டாவில் சம்பா வயல்கள் மூழ்கியதை உங்களில் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். எந்த நாளில் வயலைப் பார்க்க வேண்டுமோ அந்த நாளில் வானம் மூடிக்கொள்கிறது. சாதாரணக் கேமரா வெள்ளைப் பஞ்சைத்தான் படம் எடுத்து அனுப்பும்.

இதற்கு வழி ரேடார். அது வானொலி அலையை அனுப்பி, எதிரொலியைக் கேட்டுப் படம் வரைகிறது. மேகமோ இருட்டோ தடை இல்லை. தண்ணீர் தேங்கிய வயல் ஒரு மாதிரியும், நாற்று நட்ட வயல் வேறு மாதிரியும் எதிரொலிக்கும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து இந்த முறையில் தமிழ்நாட்டு நெல் வயல்களைக் கணக்கிட்டிருக்கிறார்கள். பயிர்க் காப்பீட்டுக்கும் அந்தக் கணக்கு உதவியிருக்கிறது. இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த 'நிசார்' ரேடார் செயற்கைக்கோள் 2025 ஜூலை 30 அன்று மேலே போனது. 12 நாளுக்கு ஒரு தடவை ஒரே இடத்தைத் திரும்பப் பார்க்கும். அதன் எடை சுமார் 2,390 கிலோ. விரிந்த ஆன்டெனாவின் அகலம் 12 மீட்டர். ஆக, இது பள்ளிச் சங்கத்தின் வேலை இல்லை.

அப்படியானால் ஒரு கிலோ பெட்டிக்கு வேலையே இல்லையா? உண்டு. அதுவும் நம் வயல் சம்பந்தப்பட்ட வேலைதான். சத்யபாமா மாணவர்களின் செயற்கைக்கோள் வெறும் ஒன்றரைக் கிலோ. பூமியைச் சூடாக்கும் வாயுக்களைப் பற்றிய தகவலைச் சேகரிக்கும் ஒரே ஒரு கருவி அதில் இருந்தது. அந்த வாயுக்களில் ஒன்று மீத்தேன்.

மீத்தேன் என்றதும் டெல்டா பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவீர்கள். அந்த வாயுவை எடுக்கும் திட்டத்தை எதிர்த்து உங்கள் ஊர்களில் எத்தனை போராட்டம்! டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் 2020 பிப்ரவரியில் வந்தது. அந்த மீத்தேன் பூமிக்கு அடியில் ஆழத்தில் நிலக்கரியோடு இருப்பது. ஆனால் அதே வாயு நெல் வயலிலிருந்தும் வருகிறது. தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும் சேற்றில் காற்று புகாது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. நம் உழவர்கள் சொல்லும் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' முறையில் தண்ணீர் விட்டால், அதாவது வயலைக் கொஞ்சம் காயவிட்டு மறுபடி பாய்ச்சினால், மீத்தேன் குறைகிறது. தண்ணீரும் மிச்சமாகிறது. ஆனால் காற்றில் 10 லட்சம் பங்கில் இரண்டு பங்குகூட மீத்தேன் இல்லை. அத்தனை குறைந்த ஒன்றை விண்ணிலிருந்து அளப்பது எத்தனை கடினம் என்று யோசியுங்கள்.

மேலிருந்து தெரியாதது

இப்போது விஷயத்துக்கு வருவோம். வானிலிருந்து எடுத்த படத்தில் ஒரு கட்டம் பச்சையாக இருக்கிறது. அது நெல்லா, கரும்பா, வாழையா? வாய்க்காலை அடைத்த ஆகாயத்தாமரையா? தண்ணீர் வராத தரிசில் முளைத்த கோரையா? படத்துக்குத் தெரியாது! யாராவது தரையில் நடந்துபோய்ப் பார்த்து, 'இந்த இடத்தில், இந்தத் தேதியில், இந்தப் பயிர் இருந்தது' என்று சொன்னால்தான் கணினி கற்றுக்கொள்ளும். விஞ்ஞானிகள் இதைத் தரை உண்மை என்பார்கள். எத்தனை கோடி ரூபாய் செயற்கைக்கோளாக இருந்தாலும் இது இல்லாவிட்டால் அது கண்ணிருந்தும் எழுத்துத் தெரியாதவர் மாதிரிதான்.

கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கல் கணக்கும் ஒரு வகையில் இதுவே. 2024 நவம்பரில் டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்புக்கு வேளாண் கல்லூரி மாணவர்களையே வயலுக்கு அனுப்பினார்கள். 'படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த வேலையா?' என்று அப்போது எதிர்ப்பும் எழுந்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு. அரசு வேலையை மாணவர் தலையில் கட்டக்கூடாது. ஆனால் தாங்களே ஒரு கேள்வி கேட்டு, அதற்காகத் தாங்களே வயலுக்குப் போவது வேறு சங்கதி.

சென்னையிலோ பெங்களூரிலோ தொடங்கும் சங்கத்துக்கு ஆய்வகம் இருக்கும், பணம் இருக்கும். திருவையாறிலோ ஒரத்தநாட்டிலோ திருத்துறைப்பூண்டியிலோ தொடங்கும் சங்கத்துக்குப் பள்ளிக்குப் போகும் வழியிலேயே வயல் இருக்கிறது. கடைமடைக்குத் தண்ணீர் எந்தத் தேதியில் வந்தது, எந்த வயலில் நடவு, எதில் நேரடி விதைப்பு என்பது இங்கே எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வேறு யாரிடமும் இல்லாத சொத்து அது.

ஆகவே முதல் வருடம் செயற்கைக்கோளைத் தொடவே வேண்டாம் என்பேன். பத்து வயல்களைத் தேர்ந்தெடுங்கள். வாரம் ஒரு நாள், பெரியவர் ஒருவரோடு போய்ப் பாருங்கள். வரப்பில் நடந்தால் போதும். சேற்றில் இறங்காதீர்கள், பாம்பு இருக்கும். என்ன பயிர், எத்தனை நாள் பயிர், தண்ணீர் எத்தனை விரற்கடை நிற்கிறது என்று நோட்டில் குறியுங்கள். துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் நட்டு வைத்தால், மண்ணுக்குக் கீழே தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்றும் தெரியும். காய்ச்சலும் பாய்ச்சலும் செய்கிறவர்கள் பயன்படுத்தும் குழாய்தான். சென்டினல் படங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆசிரியர் உதவியோடு அதே தேதிப் படத்தை எடுத்து ஒப்பிடுங்கள். எத்தனை இடத்தில் படமும் நோட்டும் ஒத்துப்போகவில்லை என்று பாருங்கள். ஒத்துப்போகாத இடத்தில்தான் சுவாரசியமே இருக்கிறது!

இரண்டாவது வேலை, கேட்பது. வானிலிருந்து வரும் குரலைக் கேட்கத் தெரியாதவர்கள் சொந்தமாக ஒன்றை அனுப்பி என்ன பயன்? அமெரிக்காவில் வானொலி ஆர்வலர்கள் ஓய்வு நேரத்தில் செய்த 'ஆஸ்கர்-1' 1961 டிசம்பர் 12 அன்று பறந்தது. அது செய்ததெல்லாம் மோர்ஸ் ஒலியில் 'ஹாய்' என்று சொல்லிக்கொண்டே இருந்ததுதான். ஆனால் உள்ளே வெப்பம் மாறினால் 'ஹாய்' சொல்லும் வேகமும் மாறும்! கீழே இருந்தவர்கள் கடிகாரத்தை வைத்து எண்ணியே விண்வெளிப் பெட்டியின் வெப்பத்தைக் கண்டுபிடித்தார்கள். 22 நாள் அது பேசியது. 2025 ஜூலையில் விண்வெளி நிலையத்திலிருந்த நம் சுபான்ஷு சுக்லா இந்திய மாணவர்களோடு பேசியதும் இதே ஹாம் வானொலி வழியாகத்தான். ஹாம் உரிமத் தேர்வை 12 வயது நிரம்பியவர்கள் எழுதலாம். உங்களில் பாதிப் பேருக்கு அந்த வயது வந்துவிட்டது.

அதற்குப் பிறகு கருவி. முழுச் செயற்கைக்கோள் செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பி.எஸ்.எல்.வி.யின் நான்காவது அடுக்கு, தன் வேலை முடிந்த பிறகும் விண்ணில் சுற்றும். அதிலேயே கருவிகளைப் பொருத்தி இயங்கவிடும் வழியை இஸ்ரோ உண்டாக்கியிருக்கிறது. 2019 ஜனவரி 24 அன்று முதன்முதலில் அப்படிப் போனது மாணவர்களின் 'கலாம்சாட் வி-2'தான். 2024 டிசம்பர் 30 அன்று போன ராக்கெட்டின் நான்காவது அடுக்கில் 24 கருவிகள் இருந்தன. அவற்றில் ஒரு சின்னப் பெட்டிக்குள் எட்டுக் காராமணி விதைகள். நாலு நாளில் முளைத்து, பிறகு இலையும் விட்டன.

இன்னும் ஒன்று பாக்கி. மும்பை ஐ.ஐ.டி. மாணவர்கள் 'பிரதம்' என்ற செயற்கைக்கோளை 2007இல் தொடங்கினார்கள். அது பறந்தது 2016 செப்டம்பர் 26 அன்று. ஒன்பது வருடம்! தொடங்கியவர்கள் பட்டம் வாங்கி வேலைக்கே போய்விட்டார்கள். ஒரு செட் மாணவர்கள் போக, அடுத்த செட் வந்து, முந்தையவர்கள் எழுதி வைத்ததைப் படித்துத் தொடர்ந்தார்கள். பள்ளியிலும் இதே கதைதான் நடக்கும். 9ஆம் வகுப்பில் சங்கம் தொடங்குகிறவருக்கு அடுத்த வருடம் பொதுத்தேர்வு, வீட்டில் விடமாட்டார்கள். அதனால் ஆரம்பத்திலேயே 6ஆம் வகுப்புப் பிள்ளைகளைப் பாதிக்குப் பாதி சேர்த்துக்கொள்ளுங்கள். கருவியைத் தொடுவதும் கணக்கு எழுதுவதும் பெரியவர்களுக்கு மட்டும் என்று வைக்காதீர்கள். வயல் நோட்டு பள்ளி ஆய்வக அலமாரியிலேயே இருக்கட்டும். யார் வீட்டுக்கும் போக வேண்டாம்.